பீஸ் ரேட்டும் கௌரவமும்

வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியில் இன்று பீஸ் ரேட் என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். தைத்த உருப்படிக்குத்தான் கூலி. பக்கத்து மெஷின்காரிக்கு ஓவர்லாக் சொல்லிக்கொடுத்த நேரம் கணக்கில் ஏறாது.

2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த புள்ளிமுறை இந்தத் தர்க்கத்தைத்தான் பேராசிரியர்களுக்கு நீட்டியது. கட்டுரைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு. வகுப்பறைக்கும் புள்ளி உண்டு, பெரும்பாலும் எடுத்த மணிகளுக்கு. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் ஆய்விதழ்கள் முளைத்ததில் என்ன ஆச்சரியம்? 2018 விதிகள் கல்லூரிகளில் பெரும்பாலான பதவி உயர்வுகளுக்கு ஆய்வுக் கட்டாயத்தைத் தளர்த்தின. சலுகைதான். ஆனால் சிந்திப்பது பல்கலைக்கழகம், ஒப்பிப்பது கல்லூரி என்ற பிளவை அது சட்டமாகவும் எழுதிவிட்டது.

பிளவு பழசு. 1857இல் லண்டன் மாதிரியில் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் பாடமே நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. கற்பித்தவை கல்லூரிகள். இன்றும் தன்னாட்சி பெறாத திருப்பூர்க் கல்லூரிக்குப் பாடத்திட்டம் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வர வேண்டும்.

அரசுக் கல்லூரி வகுப்புகளைத் தாங்குவதோ 'கௌரவ' விரிவுரையாளர்கள். பேரைப் பாருங்க! 2019இல் மானியக் குழு சொன்ன உச்சவரம்பு மாதம் 50,000 ரூபாய். அதன்பின் தமிழக அரசு 20,000ஐ உயர்த்தித் தந்தது 25,000. அதுவும் 11 மாதத்துக்கு.

ஒன்றரை சிப்ட் முடித்துத் தூங்கி வழியும் பையனுக்கு இவர் கூலிக் கோட்பாடு நடத்துகிறார். அவன் சம்பளச் சீட்டை நீட்டி, "இதுல உபரி எங்கீங்க சார் இருக்குது?" என்று கேட்டால் அது ஒரு ஆய்வின் முதல் வரி. எழுத நேரமில்லை, அடுத்த மணிக்கு வேறு வகுப்பு.