கோடு கற்பிக்கும் பார்வை

ஒரு கோபுரத்தின் முன் நின்று, அண்ணாந்து பார்த்து, ஆச்சரியப்பட்டு, கைகூப்பிவிட்டு உள்ளே போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆனால், அந்தக் கோபுரத்தின் வாசல் அகலத்துக்கு உயரம் ஏறக்குறைய எத்தனை மடங்கு, அதன் விளிம்பு நேராகவே ஏறுகிறதா அல்லது நடுவில் சற்று உட்குழிந்து ஏறுகிறதா, கல் எந்த இடத்தில் முடிந்து சுதை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று வீடு திரும்பியபின் யாராவது கேட்டால், தயங்காமல் விடை சொல்லக்கூடியவர் அதன் எதிரே காகிதமும் பென்சிலுமாகச் சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தவராகத்தான் இருப்பார். கட்டடங்களைக் கோட்டில் எழுதும் கலையின் முதற்பயன் சித்திரம் அன்று, பார்வை. சித்திரம் அந்தப் பார்வைக்குக் கிடைக்கும் பிரசாதம்.

இந்தக் கலையைப் பயில விரும்புகிறவனுக்குத் திருச்சிராப்பள்ளியைக் காட்டிலும் நல்ல பாடசாலை கிடைப்பது அரிது. தென்னூரில், உழவர் சந்தைப் பக்கம் வீடுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி பார்த்து நின்று வடகிழக்கே நோக்கினால், மலைக்கோட்டை ஒரே கோட்டில் எழுதிவிடலாம்போல எழுந்து நிற்கும்: சரிந்து ஏறும் பாறை, அதன் இடுப்பிலே தாயுமானவர் கோயில், உச்சியிலே பிள்ளையார் சந்நிதி. சமவெளியின் நடுவே எண்பது மீட்டருக்குச் சற்று மேலாக உயர்ந்திருக்கும் அந்தக் குன்று, பாறை எங்கே முடிகிறது, மனிதன் கட்டியது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியைத் தன்னை எழுத வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறது. அங்கிருந்து நடந்தால் நத்தர்வலி தர்காவின் குவிமாடம். தெப்பக்குளத்தருகே வந்தால் லூர்து அன்னை ஆலயத்தின் கூரிய ஊசிக்கோபுரம். காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம். வட்டமும் முக்கோணமும் சதுரமும் தத்தம் ஸ்வரூபத்தில் நின்று பாடம் சொல்லும் ஊர் இது.

தாமஸ் டானியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டானியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792-ஆம் ஆண்டின் தென்னாட்டு யாத்திரையில் இந்தக் குன்றைக் கண்டு எழுதினார்கள். 1785-ல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது வில்லியமுக்கு வயது பதினாறு. எதிரே உள்ள காட்சியைக் கண்ணாடியின் வழியே காகிதத்தில் விழச் செய்யும் காமிரா அப்ஸ்க்யூரா என்ற கருவியை உடன் கொண்டு, வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று அவர்கள் எழுதியவை பின்னர் 1795 முதல் 1808 வரை வெளிவந்த ‘ஓரியன்டல் சீனரி’ என்ற தொகுதியில் 144 அச்சுச் சித்திரங்களாக உருப்பெற்றன. காவிரியிலிருந்து தோன்றும் மலைக்கோட்டையும் அவற்றுள் ஒன்று. அவர்கள் கருவி காட்டிய விளிம்போடு நின்றுவிடவில்லை. பாறையின் கனத்தையும் நதியின் விரிவையும் அந்த விளிம்புக்குள்ளே கொண்டுவந்தார்கள். அளவைக் கருவி தரும். கனத்தைக் கண்ணும் கையும்தான் தரவேண்டும்.

நம்மவர்களில் இந்தக் கலையைத் தவமாகக் கொண்டவர் சில்பி. 1919-ல் நாமக்கல்லில் பிறந்த பி.எம். சீனிவாசன், தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைமை வகித்த காலத்துச் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, ஓவியர் மாலி சூட்டிய அந்தப் பெயரோடு ‘ஆனந்த விகட’னில் ‘தென்னாட்டுச் செல்வங்க’ளைத் தீட்டினார்; எழுத்தாளர் தேவன் அவற்றுக்கு விளக்கம் எழுதினார். கோயிலுக்குச் சென்று, தூணின் எதிரே அமர்ந்து, கல்லைக் கண்ணால் தொட்டுத் தொட்டு அவர் பேனாவினால் எழுதிய அந்தச் சித்திரங்களில், ஆபரணத்தின் ஒவ்வொரு மணியும் தனித்தனியே தெரிகிறது. அதே சமயம், மூர்த்தியின் நிலையும் தூணின் நிறையும் அந்த மணிகளுக்குள் தொலைந்துபோவதில்லை. விவரத்தையும் முழுமையையும் ஒருங்கே காக்கும் இந்த வித்தையே கட்டடத்தை எழுதுகிறவன் ஆயுள் முழுதும் பழக வேண்டிய வித்தை.

அந்த அப்பியாசத்துக்கும் ஒரு கிரமம் உண்டு. கோபுரத்தை எழுதத் தொடங்கும் புதியவர், கண்ணைக் கவரும் துவாரபாலகரிலோ யாளியிலோ தொடங்கி, நிலைக்குமேல் நிலையாக அடுக்கிக்கொண்டே போய், பாதிக் கோபுரம் எழும்பும் முன்பே காகிதம் தீர்ந்துவிடக் காண்பார். பழகிய கை முதலில் நடுக்கோட்டை நிறுத்தும். சிற்பிகள் பிரம்மசூத்திரம் என்று சொல்லும் அந்த ஒற்றைக் கோட்டின் இருபுறமும் சரியும் விளிம்புகளைக் கண்டு, உச்சியின் சாலைச் சிகரத்துக்கு இடம் ஒதுக்கி, செங்குத்தாக நிற்கும் கல் அடிப்பகுதியையும் அதன்மேல் செங்கல்லும் சுதையுமாய்க் குறுகிச் செல்லும் நிலைகளையும் பிரித்து, அதன் பிறகே பொம்மைகளுக்கு வரும். 1987-ல் நிறைவெய்திய ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு நிலையும் தனக்குக் கீழுள்ள நிலையைவிட உயரத்திலும் அகலத்திலும் குறைந்து செல்வதனால்தான் அவ்வளவு பெரிய கட்டடம் பாரமாகத் தோன்றாமல் ஏறுகிறது என்பதைக் கோட்டில் எழுதும்போதுதான் நாம் உணர்கிறோம்.

பெரிய உருவத்தைப் பிடித்த கண்ணுக்கு அடுத்த பாடம் தூணின் தலையில் இருக்கிறது. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், உயிரோடிருந்த ஸ்தபதிகளிடம் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்து, அந்த உறுப்புகளைக் காலவாரியாகக் கோட்டில் எழுதி அடுக்கிப் பார்த்து, 1914-ல் வெளியிட்ட நூலில், உத்தரத்தைத் தாங்கும் போதிகை ஒன்றைக் கொண்டே ஒரு மண்டபத்தின் காலத்தை உரைக்க முடியும் என்று காட்டினார். அந்தப் பாடம் முழுவதையும் இந்த ஊரிலேயே படிக்கலாம். மலைக்கோட்டையின் மேல் குடைவரையில், மகேந்திரவர்மன் கங்காதரனை வடித்த அந்தப் பல்லவர் சந்நிதானத்தில், சதுரமும் எட்டுப்பட்டைக் கட்டும் மீண்டும் சதுரமுமாக நிற்கும் தூண்களின்மேல் ஆதிகாலப் போதிகை வளைந்து தாங்குகிறது. சோழர் காலத்தில் அந்த வளைவு சாய்வாகச் செதுக்கப்பட்டு, நடுவில் ஒரு முனை நீட்டிக்கொள்கிறது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் அந்த முனை கவிழ்ந்து, தாமரை மொட்டாகித் தொங்குகிறது. நூலில் படித்தால் இது மூன்று வாக்கியம். மூன்றையும் ஒரே காகிதத்தில் அடுத்தடுத்து எழுதினவனுக்கோ, ஒரு வடிவம் பல நூற்றாண்டுகளாக மெல்ல மெல்ல மலர்ந்த சரித்திரம் கைவிரல்களில் தங்கிவிடுகிறது.

கண்டதைக் கண்டபடி எழுதிப் பழகியவன் பிறகு பரிசோதனையில் இறங்க வேண்டும். ஸ்ரீரங்கத்து வெள்ளைக் கோபுரத்தைக் காலையில், கீழ்வெயில் அதன் முகத்தில் விழும்போது ஒருமுறையும், மாலையில் அது தன் நிழலுக்குள் ஒதுங்கியபின் ஒருமுறையும் எழுதிப் பார்த்தால், ஒரே கட்டடம் இரண்டாகிவிடும். பென்சில் தயங்கித் தயங்கித் திருத்திக்கொள்ள இடம் தரும். பேனாவும் மையும் தயக்கத்தை மன்னிப்பதில்லை. தூரிகையோ சிறு விவரங்களை மறக்கச் செய்து இருளையும் ஒளியையும் மட்டும் பார்க்கக் கற்பிக்கும். அதே கோயிலின் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களை உயர்த்திப் பாயும் குதிரைகளை எழுதுகிறவர், குதிரையை விட்டுவிட்டு, அதன் வயிற்றுக்கும் பின்னுள்ள தூணுக்கும் இடையே தெரியும் வெற்றிடத்தை மட்டும் எழுதிப் பார்க்கட்டும்: அந்தச் சிற்பி ஒரே கல்லிலிருந்து எதை அகற்றினான், எதை அகற்றாமல் விட்டான், பாய்ச்சலின் வேகம் எப்படி அந்த வெற்றிடத்தில் பிறந்தது என்பதெல்லாம் அப்போது பிரத்தியட்சமாகும்.

இவ்வாறு நடந்தும் இருந்தும் எழுதியவனுக்கு, அறிஞர்களோடு மாறுபடும் உரிமையும் கிடைக்கிறது. இந்தியக் கட்டடக் கலையின் வரலாற்றை 1876-ல் விரிவாக எழுதி வெளியிட்ட ஜேம்ஸ் பெர்குசன், வெளியே பெருத்துத் தொடங்கி உள்ளே செல்லச் செல்லச் சிறுத்துப்போகும் ஸ்ரீரங்கத்தின் அமைப்பை ஒரு குறையாகக் கண்டார். முறை தலைகீழாக இருந்திருந்தால் தென்னாட்டின் மிகச் சிறந்த கோயில்களில் ஒன்றாகியிருக்கும் என்பது அவர் கருத்து. ஏழு பிராகாரங்களையும் ஒரே வரைபடமாக மேலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால், தெற்கு வாசலில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே போங்கள்: முதல் காகிதத்தில் வானம் முழுவதையும் கோபுரம் அடைத்துக்கொள்ளும், அடுத்தடுத்த காகிதங்களில் வீடுகளும் கடைகளும் வந்து, பிறகு தூண்களும் கூரையும் நெருங்கி, வானம் குறைந்து, ஒளி அடங்கி, முடிவில் பென்சிலை எடுத்து வைத்துவிட்டுச் சேவிக்கச் செல்லவேண்டிய இடம் வந்துவிடும். மனிதனின் கவனத்தை உலகத்திலிருந்து ஒரே ஒரு சந்நிதிக்குக் குவித்துக்கொண்டு செல்வதற்காக அமைந்த கட்டடம் இது. அதன் சௌந்தரியம் அந்த வரிசையில் இருக்கிறது. பெர்குசன் குறையென்று கண்டது, நடந்து எழுதுகிறவனுக்கு நிறைவாகத் தெரிகிறது.

இதுவரை ஒருவனாய்க் கற்பதைச் சொன்னோம். பலராய்க் கூடிக் கற்பதில் வேறொரு பெரும்பேறு உண்டு. கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் 2007-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்ற இயக்கம், கண்முன் உள்ளதை அந்த இடத்திலேயே அமர்ந்து எழுத வேண்டும், சேர்ந்து எழுத வேண்டும் என்பதைக் கொள்கையாக்கி, உலகத்துப் பல நகரங்களில் இன்று வேரூன்றியிருக்கிறது. நமக்கு இது புதிதன்று. மார்கழி விடியலில் ஸ்ரீரங்கத்து வீதியில் ஒருத்தி புள்ளி வைக்க, மற்றொருத்தி இழை இழுக்க, இரு கைகளின் வேலை ஒரே கோலமாவதைப் போலவே, ஸ்தபதி செங்காவியால் கல்லில் கோடு போட, சீடர்கள் உளி பிடிக்க, எத்தனையோ கைகள் கூடியே நம் மண்டபங்கள் எழுந்தன. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கலைக் கல்லூரியிலும் மாணவன் உளிக்கு முன்பாகக் கோட்டைப் பழகுகிறான்.

ஒரு மண்டபத்தைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து எழுதிவிட்டு, எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்பிப் பார்க்கும் நேரம் இந்தக் கலையின் மிக இனிய நேரம். ஒருவர் கொடுங்கையின் வளைவைக் கண்டிருப்பார். ஒருவர் படிக்கட்டின் தேய்வைக் கண்டிருப்பார். கட்டட இயல் பயிலும் மாணவர் தூண்களுக்கிடையே உள்ள தூரத்தைத் துல்லியமாகப் பிடித்திருப்பார். அருகே பூக்கட்டும் அம்மாளையும் அவர் கூடையையும் எழுதியிருக்கும் சிறுமியின் காகிதத்தில்தான் அந்த மண்டபம் எவ்வளவு பெரிது என்பது தெரியவரும். நால்வர் காணாத ஒன்றை ஐந்தாமவர் காட்டும்போது பொறாமை எழுவதில்லை. எழுந்துபோய் மறுபடி அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே எழுகிறது. தன் கண்ணின் எல்லையைத் தானே உணர்ந்து, பிறர் கண்ணைக் கடன் வாங்கும் இந்தப் பணிவு, தனியே பயிலும் எவர்க்கும் எளிதில் வாய்ப்பதன்று.

இந்தப் பயிற்சியால் ஊருக்கும் ஒரு நன்மை உண்டு. ஸ்ரீரங்கம் கோயிலில் நடந்த பழைமை மீட்புப் பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் ஒன்று கிடைத்தது. பிற்காலத்தார் ஒட்டிவைத்ததை அகற்றிப் பழையதைப் பழையபடி நிறுத்தும் அத்தகைய பணிக்கு, எது பழையது என்று அறிந்த கண்கள் வேண்டும். திருப்பணியின் பெயரால் ஒரு போதிகையின் முனை சுண்ணாம்புக்குள் மறையும்போது, அது மறைகிறது என்று கவனிக்கிறவன் அதை ஒருமுறையேனும் எழுதியவனாக இருப்பான். ஆகவே, பள்ளிப் பிள்ளைகளை வாரத்தில் ஒரு பொழுது மலைக்கோட்டைக்கும் தர்காவுக்கும் லூர்து அன்னை ஆலயத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் காகிதத்தோடு அழைத்துச் செல்லும் வழக்கம் இங்கே வேரூன்ற வேண்டும். அவர்களில் ஒருவரும் சில்பியாக வேண்டியதில்லை. தாம் வாழும் ஊரைத் தெரிந்தவர்களாக வளர்ந்தாலே போதும், அந்த ஊர் பிழைத்துக்கொள்ளும்.