வற்றத் தெரிந்த குளம்

வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை வெட்டி மீன் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை இப்போது அருப்புக்கோட்டைப் பக்கமும் வந்துவிட்டது. குழி தோண்டி, நீலத் தார்ப்பாய் விரித்து, மோட்டார் வைத்து, கூழாங்கல் அடுக்கி, கடையில் வாங்கிய வண்ண மீன்களையும் ஒரு சின்ன ஆமையையும் விடுகிறார்கள். மாசி வரை நன்றாகத்தான் இருக்கிறது. பங்குனி பிறந்ததும் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிறது. சித்திரையில் லாரித் தண்ணீருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கணக்கு வைத்து வாழும் ஊரில் இது கட்டுப்படியாகிற காரியமா? ஆசை நல்ல ஆசைதான். அதற்கான வழியைத்தான் வேறெங்கோ தேடுகிறோம். குளம் வைத்துக்கொள்ளும் கலை இந்தச் சீமையிலேயே இருக்கிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரத்துக்கு ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்து முடிந்துவிடும். திறந்து கிடக்கும் நீரிலிருந்து வெயிலும் காற்றும் ஓராண்டில் எடுத்துக்கொண்டு போவதோ அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலே. ஆகவே தன் மேல் விழும் மழையை மட்டும் நம்பி எந்தக் குளமும் இங்கே பிழைக்காது. அதற்கு வரத்து வேண்டும். வரத்து இருந்தாலும் கோடையில் வற்றத்தான் செய்யும். வற்றிய பிறகும் அதற்குள் உயிர் தங்கியிருக்கும்படி வைத்திருப்பதுதான் இந்த மண்ணின் கைத்திறன்.

அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நல்ல ஊருணிக்குப் போக வேண்டும். நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் குடிக்கச் சேந்திய தண்ணீர் ஊருணியின் தண்ணீர்தான். ஊருணியை எடை போடத் தெரிந்த பெரியவர்கள் தண்ணீரைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். முதலில் வரத்துக்காலைப் பார்ப்பார்கள். மழைத் தண்ணீர் எந்த நிலத்தைக் கழுவிக்கொண்டு வருகிறது, வருகிற வழியில் மண் படிய ஒரு குழி இருக்கிறதா, அந்த வழியில் யாராவது சாணியைக் கொட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அடுத்தது சரிவு. நல்ல ஊருணிக்கு ஒரு பக்கம் படித்துறை இருக்கும். மற்ற பக்கங்கள் மண்சரிவாக மெல்ல இறங்கும். பிறகு கரை மரம். வேம்பும் அரசும் நாட்டுக்கருவேலமும் மேற்குப் பக்கம் நின்றால் பிற்பகல் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, அடியில் ஓரிடத்தில் மட்டும் ஆழமான கசம் இருக்க வேண்டும். கோடையில் தண்ணீர் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது.

ஊருணித் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். குடத்தின் உள்வயிற்றில் தேற்றாங்கொட்டையை இரண்டு சுற்று உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால் மண் அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். கண்ணாடியாய்த் தெளிந்த குளத்தில்தான் அழகு இருக்கிறது என்பது வெளியிலிருந்து வந்த ரசனை. கலங்கலுக்குள் ஒரு குமிழி எழும்போது அது கெளுத்தியா, விராலா, ஆமையா என்று கண் தேடுகிறதே, அந்தச் சுகத்தைக் கண்ணாடித் தொட்டி தராது.

திருச்சுழிக்காரர்களுக்குத் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பது பழகிய விஷயம். பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று அந்த ஊர்; 1879-இல் ரமண மகரிஷி பிறந்த ஊரும் அதுதான். அங்குள்ள கோயில் தீர்த்தத்தில் மாசி மகத்தை ஒட்டி நீர் நாளுக்கு நாள் ஏறி, பிறகு இறங்கும் என்று ரமணரின் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். காரணத்தை அவரவர் நம்பிக்கைப்படி சொல்லிக்கொள்ளட்டும். நாள்தோறும் தண்ணீர் எந்தப் படிக்கு வந்திருக்கிறது என்று போய்ப் பார்க்கிற பழக்கம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குளம் வைத்திருப்பவருக்கு முதலில் வர வேண்டிய பழக்கம் அது.

இனி மீனுக்கு வருவோம். ஊர் ஏரிகளான கண்மாய்களில் மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார்கள். கங்கைச் சமவெளியின் பெரிய ஆறுகளுக்குரிய மீன்கள் அவை. வேகமாக வளரும், தண்ணீர் கீழே போகும்முன் பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் செத்து மிதக்கும். ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். விருந்தாளிகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தச் சீமைக் குளத்தின் உண்மையான குடிகள் வேறு.

விராலுக்குச் செவுளோடு சேர்த்துத் தலைக்குள் காற்றறை ஒன்றும் உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். தண்ணீர் சேறாகி, சேறு இறுகத் தொடங்கும்போது அதற்குள் புதைந்து, ஈரம் இருக்கிற வரை காத்துக் கிடக்கும். தேளி மீனுக்கும் அந்த வித்தை தெரியும். அயிரையோ விரல் நீளம்கூட இல்லாத மீன். மண்ணுக்குள் தலையை விட்டு நுழைந்துகொள்வதே அதற்கு வாழ்க்கை. மதுரைக்காரர்கள் உயிர் அயிரையை வாங்கிப் பாலில் விடுவது அதனால்தான். பாலைக் குடித்து வயிற்று மண்ணைக் கக்கினால்தான் குழம்பு நறநறக்காது.

விராலை ரசிக்க வேண்டுமானால் மழை ஓய்ந்த ஒரு காலை நேரத்தில் கரையோரப் புல்லுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் துடிப்பது தெரியும். உற்றுப் பார்த்தால் அத்தனையும் குஞ்சுகள்; செக்கச்செவேலென்று, ஒவ்வொன்றும் அரிசி நீளம்தான் இருக்கும். மாறி மாறி மேலே வந்து காற்று குடிக்கின்றன. அந்தக் கூட்டம் நகர்கிற பக்கமெல்லாம் அடியில் கருநிழலாய்த் தாய் தகப்பன் மீன்கள் கூடவே போகும். குச்சியை நீட்டினால் தாய் விரால் பாய்ந்து வந்து முட்டும். குஞ்சு கருத்து, தனித்தனியாய்ப் பிரிகிற வரை இந்தக் காவல் நடக்கும். குஞ்சு மேய்க்கும் விராலைப் பிடிக்கக் கூடாது என்பது விவரம் தெரிந்தவர்கள் காக்கும் கட்டுப்பாடு. பிடித்தால் அந்தச் செங்கூட்டம் முழுவதும் கொக்குக்குத்தான்.

கோடை முற்றிக் கண்மாய் முழங்கால் அளவுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழா வரும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்தில் இது பேர்போனது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர்ச் சனம் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கும். அப்போது ஊத்தாவின் வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும். மூங்கில் சிம்புகளை வரிந்து கட்டிய, அடியில்லாத கூடை அது. கீழ்வாய் அகலம், மேல்வாய் குறுகல். சேற்றில் அமுக்கி, உள்ளே மீன் மோதுகிற அதிர்ச்சி சிம்பு வழியாகக் கைக்குத் தெரிந்தால், மேல்வாயில் கையை விட்டுத் துழாவி எடுப்பார்கள். கண் பார்க்காததைக் கை பார்க்கிறது. அன்று பிடித்ததை விற்பதில்லை. எல்லார் வீட்டிலும் மீன்குழம்பு. எத்தனை பேர் துழாவினாலும் கசத்துச் சேற்றில் ஆழமாய்ப் புதைந்தது சில தப்பிக்கும். அடுத்த ஆண்டுக்கு விதை அதுதான்.

ஆமைக்கு நம் ஊரில் நல்ல பெயர் இல்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். வீட்டுக்குள் வந்த ஆமையை விரட்டிய அதே கைகள் கிணற்றில் ஆமையைக் கொண்டுபோய் விட்டதும் உண்டு; செத்துக் கிடக்கும் புழு பூச்சிகளைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று. எனக்கு அந்த வழக்கம் உவப்பில்லை. சுற்றிலும் செங்குத்தாய்க் கல் கட்டிய கிணற்றில் ஆமை ஏறி வெயில் காய இடமில்லை, முட்டையிட மண்ணில்லை. அது ஆயுள் சிறை. சரிந்த கரையுள்ள ஊருணியில்தான் ஆமை ஆமையாக இருக்கிறது.

இங்கே காணக்கூடியவை பெரும்பாலும் இரண்டு வகை. காராமை கெட்டியான கரிய ஓட்டுடன், முதுகில் மூன்று வரம்பு ஓட, கல்லில் ஏறி வெயில் காயும். பாலாமையின் ஓட்டை மூடியிருப்பது மெத்தென்ற தோல். குழலாய் முடியும் மூக்கின் நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்செடுக்கும். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இரண்டு சின்னத் துளைகள் தெரியும். கை உயர்ந்தால் மறைந்துவிடும். அதைவிட ரசிக்க வேண்டியது அதன் அடி ஓடு. பின்கால்களுக்கு இரண்டு மடல், முன்பக்கம் மடங்கும் கீல். பெட்டிக்கடைக்காரர் இரவில் பலகைகளை ஒவ்வொன்றாய்ப் பொருத்திக் கடையடைப்பது போல, தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் அடைத்துக்கொள்ளும். குளம் வற்றினால் சேற்றுக்குள் இறங்கி மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கரை மண்ணில் இட்ட முட்டையும் மாதக்கணக்கில் பொறுமையாய்க் காத்திருந்துதான் பொரியும்.

அதனால் கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்த் தரை வெறும் தரை என்று யாரும் எண்ண வேண்டாம். கொட்டிக்கிழங்கும் அல்லிக்கிழங்கும் உள்ளே உறங்குகின்றன. ஆரைக்கீரையின் வித்துறைகள் கிடக்கின்றன. தவளை பதுங்கியிருக்கிறது. முதல் மழை நின்று சில நாள் கழித்து, புதிதாய்த் தேங்கிய குட்டையில் ஒரு கை தண்ணீர் அள்ளிப் பாருங்கள். ஒளி ஊடுருவுகிற சின்னஞ்சிறு இறால் வகை ஒன்று மல்லாந்து, கால்களை வானத்துக்குக் காட்டியபடி நீந்திக்கொண்டிருக்கலாம். அதன் முட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் தூசியாய்க் கிடந்தவை. பொரித்து, வளர்ந்து, முட்டையிட்டு முடிக்க அதற்குச் சில வாரங்களே தவணை. எப்போதும் தண்ணீர் நிற்கும் மீன் நிறைந்த குளத்தில் அது வாழ முடியாது, மீன் தின்றுவிடும். வற்றுவதால் மட்டுமே வாழ்கிற உயிர் அது.

ஊராரே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து 2017-இல் மீண்டும் தொடங்கியதிலிருந்து தூர்வாரும் வேலை பல ஊர்களில் நடந்திருக்கிறது. தேவையான வேலைதான், சீமைக்கருவேலத்தை எடுக்கத்தான் வேண்டும், அடியில் படிந்த வண்டலான கரம்பையை அள்ளி வயலில் போடத்தான் வேண்டும். ஆனால் ஜேசிபியை விட்டு அடி முழுவதையும் ஒரே கோடையில் வழித்தெடுத்தால் மேலே சொன்ன அத்தனையும் லாரியில் ஏறிப் போய்விடும். பாதியை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் வாரலாம். கசத்தை மட்டும் கடப்பாறை, மண்வெட்டியால் தொடலாம்.

இப்போது வீட்டுக் கொல்லைக்கு வருகிறேன். 15 அடி நீளம், 10 அடி அகலம், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி 4 அடி ஆழத்தில் ஒரு கசம், மூன்று பக்கம் மெல்லிய சரிவு. இவ்வளவு போதும். ஏறத்தாழ 8,500 லிட்டர் பிடிக்கும். 1,000 சதுர அடி மாடியில் ஆண்டுக்கு விழும் மழை 70,000 லிட்டருக்கு மேல். மாடிக் குழாயைத் திருப்பிவிட்டால் மழை பாதி பொய்த்த ஆண்டிலும் குட்டை நிறையும். வழிவதற்கு ஒரு மறுகால் வெட்டி முருங்கைக்கோ வாழைக்கோ விடுங்கள். தார்ப்பாயும் சிமென்டும் வேண்டாம். கரம்பையை ஈரமாக அரையடி கனத்துக்குப் பரப்பி, காயவிடாமல் மிதித்து மிதித்து இறுக்குங்கள். இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் ஆட்டு மந்தைக்கு வெட்டிய குட்டைகளுக்கும் களிமண்ணை இப்படி மிதித்துத்தான் தளம் போட்டார்கள். இந்தச் சீமையின் கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் வீட்டுச் சுவரிலிருந்து பத்துப் பதினைந்தடி தள்ளி வெட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடானால் சுற்றி வேலி போடுங்கள்.

நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் சின்ன மீன் வாய்க்கால்களில் உண்டு. கொசுப்புழுவுக்கு அதுவே போதும். அயிரையும் சில விடலாம். கோடையில் தண்ணீர் கசத்துக்குள் ஒடுங்கும்போது கொஞ்சத்தைப் பிடித்து, வலை மூடிய ஒரு தொட்டியில் அடுத்த மழை வரை வைத்திருங்கள். அல்லி, கொட்டி, ஆரை மூன்றையும் வையுங்கள். வெங்காயத்தாமரையை எவ்வளவு அழகாகப் பூத்தாலும் உள்ளே விடாதீர்கள்.

ஆமையை மட்டும் வாங்கவும் வேண்டாம், பிடித்து வரவும் வேண்டாம். பாலாமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் சிறை உண்டு. கடைகளில் விற்கிற, காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமை அமெரிக்காவிலிருந்து வந்தது. அலுத்துப்போய் அதைக் கண்மாயில் விட்டால் நம் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற முரட்டு மீனுக்கும் இதே பேச்சுத்தான். கரையைச் சரிவாக விட்டு, வேலியில் கீழே ஒரு சாண் இடைவெளி வையுங்கள். பக்கத்தில் ஓடையோ கண்மாயோ இருந்தால், ஆமை தானே நடந்து வந்தாலும் வரும்.

புரட்டாசி முடிவதற்குள் வெட்டி முடித்துவிடுங்கள். சித்திரையில் அடி வெடித்துக் கிடப்பதைப் பார்த்து மனம் கேட்காமல் லாரித் தண்ணீர் ஊற்றிவிட வேண்டாம். அப்படியே காயட்டும், ஐப்பசியில் மழை வரும்.