நண்டுக்கூட்டு இரை

இலங்கையில் மகாவலி கங்கை கடலோடு சங்கமிக்கும் கொட்டியாரக் குடாவிலும், கிண்ணியாப் பாலத்துக்கு உட்புறமாகக் கண்டற்காடு சூழ்ந்து கிடக்கும் தம்பலகாமக் குடாவிலும், களிநண்டு பிடிப்போர் கூட்டுக்குள் வைக்கும் இரையைக் காணுந்தோறும், அந்த எளிய துண்டில் எத்துணை நுண்ணறிவு அடங்கியிருக்கிறது என்று வியக்கிறேன். கலங்கிய நீரில் கண்ணைவிட வாசனையே நண்டுக்கு வழிகாட்டி; நீரோட்டத்தில் வரும் கந்தத்தைத் தன் சிற்றுணர்கொம்புகளால் உணர்ந்தே அது திசையறியும். ஆதலால், விரைவிற் கரைந்துபோகும் மிருதுவான மீனை விலக்கி, தோலும் குருத்தெலும்புமாய் இறுகிய திருக்கைத் துண்டை, இரண்டு கீறல் இட்டு, கூட்டின் நடுவே கம்பியால் இறுகக் கட்டுகிறார்கள். கீறல் வழியே சாறு கசியும், தோலோ இரவு முழுவதும் தாங்கும். வட அமெரிக்க வேட்டைக்காரர் பீவர் என்னும் நீர்விலங்கின் வாசனைச் சுரப்பைக் கொண்டே பீவரைப் பொறிக்கு அழைத்த சாமர்த்தியத்துக்கு இது சற்றும் குறைந்ததன்று. சினைநண்டு அகப்பட்டால் அதை மீண்டும் நீரில் விடுவோரை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.