எல்காட்டின் லினக்ஸ்: டெண்டர் மாறியது, தேர்வு மாறவில்லை

நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி எம்.ஹெச்.யு. காம்ப்ளக்ஸ் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. எல்காட் தலைமை அலுவலகம் அங்கேதான். 1977-ல் தொடங்கிய அரசு நிறுவனம். தமிழக அரசு கணினி வாங்கினால், லேப்டாப் கொடுத்தால், டெண்டர் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பும். நம்ம ஊர்ப் பிள்ளைகள் எந்தக் கணினியில் முதன்முதலாகக் கை வைக்கப் போகிறார்கள் என்பதை இந்தக் கட்டடம் பல முறை தீர்மானித்திருக்கிறது. அதனால் இதன் பழைய கதை ஒன்றைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

2006-ல் உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநராக வந்தார். அதற்கு முன்னால் திருவாரூர் கலெக்டராக மாவட்ட நிர்வாகத்தையே கணினிமயமாக்கியவர். எல்காட் ஊழியர்களின் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்குப் போன கணினிகளிலும் லினக்ஸ் போனது. 2008-ல் அவர் மாற்றப்பட்டார். அதன் பிறகு அந்த வேகம் அடங்கிவிட்டது.

இந்தக் கதையை நம் ஆட்கள் சொல்வது எப்போதும் ஒரே மாதிரிதான். நல்ல அதிகாரி வந்தார், பெரிய கம்பெனி எதிர்த்தது, தூக்கிவிட்டார்கள், முடிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் வேலையில் சிஸ்டம் மாற்றும் புராஜெக்ட்களையே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. ஒரு அதிகாரி போனதும் விழுந்துவிடுகிற மாற்றம், அவர் இருக்கும்போதே வேர் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் கேள்வி.

முதலில் அலுவலகங்களை எடுத்துக்கொள்வோம். அரசு அலுவலகத்தில் கணினியின் முக்கிய வேலை தமிழில் கடிதம் அடிப்பது. அன்றைக்குப் பல அலுவலகங்களில் ஓடியது வானவில். அது விண்டோஸ் மென்பொருள், தனி எழுத்துருக் குறியேற்றம். பத்து வருஷக் கோப்பு முழுக்க அதில் இருக்கும்போது, தட்டச்சர் மேஜையில் லினக்ஸை வைத்தால் அவர் என்ன செய்வார்? தமிழுக்கு யூனிகோடு அரசுத் தரம் என்று ஆணை வந்ததே 2010 செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான். அதாவது இயங்குதளம் முதலில் மாறியது, அதற்கு அடியில் இருக்க வேண்டிய எழுத்துத் தரம் பிறகு வந்தது. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டின மாதிரி.

அடுத்தது பள்ளிக்கூடம். இங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம். பிளஸ் டூ கணினி அறிவியல் பாடப்புத்தகத்தின் முதல் தொகுதி பல வருஷம் ஸ்டார் ஆபீஸ். லினக்ஸிலும் ஓடும் மென்பொருள். அப்படியென்றால் பாடத்திட்டத்தில் மைக்ரோசாஃப்டை நாம் ஏற்கெனவே தாண்டிவிட்டோம்! ஆனால் தேர்வு எப்படி இருந்தது? எழுத்துத் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 75 ஒரு மார்க் கேள்விகள். எந்த மெனுவில் எந்த கமாண்ட், எந்த ஐகானுக்கு என்ன பெயர் என்று மனப்பாடம் செய்தால் போதும். ஸ்டார் ஆபீஸைத் திறந்தே பார்க்காத பையன்கூட அந்தப் பகுதியில் நல்ல மார்க் வாங்கிவிட முடியும். செய்முறைத் தேர்வு தனியாக இருந்தது, ஆனால் ரிசல்ட்டைத் தீர்மானித்தது எழுத்துத் தேர்வு.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது அவர்கள் டெண்டரோடு நிறுத்தவில்லை. ஆசிரியர்களிலிருந்தே பயிற்சியாளர்களை எடுத்தார்கள், அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தை அந்த மென்பொருளை வைத்தே எழுதினார்கள். எஸ்எஸ்எல்சி ஐடி தேர்வையே லினக்ஸ் கணினியில் உட்கார்ந்து எழுத வைத்தார்கள். ஆட்சிகள் மாறி மாறி வந்தும் அது நிற்கிறது. 2017-ல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாகவே ஆனது. அங்கே லினக்ஸை எடுக்க வேண்டுமென்றால் தேர்வை மாற்ற வேண்டும், புத்தகத்தை மாற்ற வேண்டும், ஆசிரியர்களை மீண்டும் பயிற்ற வேண்டும். ஒருவரை டிரான்ஸ்ஃபர் செய்தால் நடக்கிற காரியம் இல்லை அது.

நாம் 2011 செப்டம்பரில் விலையில்லா லேப்டாப் கொடுத்தோம். அதில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டு கதவு வைத்துவிட்டு, ஒரு கதவுக்கு மட்டும் வழி சொல்லிக்கொடுத்தால் எல்லோரும் எந்தக் கதவில் நுழைவார்கள்? பாஸைத் திறந்தால்தான் முடியும் என்கிற ஒரு பாடமோ ஒரு தேர்வோ இல்லை.

“வேலை கிடைக்கணும்னா எம்எஸ் ஆபீஸ், டேலி தெரியணுமே சார்” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சின்னக் கம்பெனி அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அது வேண்டும்தான், கற்றுக்கொள்ளட்டும். ஆனால் பிஇ முடித்து நம் துறைக்கு வருகிறவர்கள் வேறு. கிளவுட் என்று சொல்லப்படும் இடத்தில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் கெர்னலும் அதுவே. நேர்முகத் தேர்வுகளில் நான் உட்காரும்போது பார்க்கிறேன்: பைத்தானில் நிரல் எழுதுகிற பெண்ணுக்கு, அது சர்வரில் ஓடாமல் நின்றால் லாக் ஃபைல் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், கேட்கிற மாதிரி ஒரு தேர்வு அவருக்கு வைக்கப்படவே இல்லை. சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிறவர் சம்பளம் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்து மேலே வருகிறவர்கள், உடைந்ததைத் திறந்து பார்க்கப் பயப்படாதவர்கள்தான். அந்தப் பயம் பதினாறு வயதில் போக வேண்டியது.

இப்போது மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறோம். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் என்று அறிவித்து, கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். இதிலும் விண்டோஸோடு பாஸ் உண்டு. 2011-க்கும் இதற்கும் ராம், ஹார்ட் டிஸ்க் வித்தியாசம்தான் என்றால் முடிவும் அப்படியேதான் இருக்கும்.

விண்டோஸைத் தூக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு செய்முறைத் தேர்வு போதும். கொடுத்த அதே லேப்டாப்பில், பாஸைத் திறந்து, ஒரு சின்ன சர்வரை ஓடவிட்டு, தேர்வாளர் வேண்டுமென்றே உடைத்துவைத்த ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். நெட் பார்க்கலாம், ஏஐயிடமும் கேட்கலாம், ஓட வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் புது டெண்டர் வேண்டாம். பல்கலைக்கழகப் பாடக்குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும். அது எந்த நல்ல அதிகாரி வந்தாலும் போனாலும் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும்.