வெண்மணலும் மூங்கில் வாளும்

"அழகாக இருக்கிறது, அதனால்தான் அருவருப்பாக இருக்கிறது!" — படம் பாதி ஓடிக்கொண்டிருக்கையிலே எழுந்து வெளியேறிய தோழர் ஒருவர், நம் காதோரம் வீசிச் சென்ற சொற்கள் இவை. கொடுமையை இவ்வளவு எழிலோடு காட்டுவது, கொலைவாளுக்கு மாலை சூட்டுவதாகாதா என்பது அவர் கேள்வி. எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று. அதனால்தான் எழுதுகிறோம்.

படம், ஜப்பானிய இயக்குநர் மசாகி கோபயாஷி 1962இல் அளித்த 'ஹராகிரி'. 1963இல் கான் திரைப்பட விழாவிலே நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. மொழி நமக்குத் தெரியாது. திரையின் அடியில் ஓடும் எழுத்துக்களைத் துரத்திப் பிடித்தே கதையை அறிந்தோம். ஆனால், அந்த முற்றத்தைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. கோடு கிழித்தாற்போன்ற தூண்கள். மாசு மருவற்ற வெண்மணல். வரிசை பிசகாமல் அமர்ந்திருக்கும் வீரர்கள். நடுவிலே சாவதற்கென்று விரித்து வைத்த விரிப்பு. கறுப்பும் வெளுப்புமான அந்தக் காட்சியைக் கண்டதும், "ஆகா!" என்றது நம் உள்ளம். அடுத்த நொடியே நாணினோம். எதைக் கண்டு "ஆகா" என்றோம்? கொலைக்களத்தை அன்றோ!

கதை நடப்பது 1630இல், இன்றைய டோக்கியோவாகிய எடோ நகரில். ஷோகுன் ஆட்சி பல பிரபுக்களின் உடைமையைப் பறித்துவிட்டது. அவர்களை அண்டிப் பிழைத்த சாமுராய் வீரர்கள் தெருவில் நிற்கிறார்கள். வாள் உண்டு, வேலை இல்லை. மானம் உண்டு, சோறு இல்லை. ஈயி குடும்பத்தார் மாளிகை வாயிலிலே மோதோமே என்ற இளைஞன் வந்து நிற்கிறான். "முறைப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாள உங்கள் முற்றத்தில் இடம் தாருங்கள்" என்கிறான். சாக வந்தவனல்ல. இப்படிக் கேட்டவர்களுக்குச் சில மாளிகைகள் காசு கொடுத்து அனுப்பியதுண்டு. அந்த நம்பிக்கையில் வந்தவன். வீட்டிலே மனைவி நோயாளி, குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். இரண்டொரு நாள் தவணை கேட்கிறான். மறுக்கிறார்கள். சொன்ன சொல் காக்க வேண்டுமாம்! குடும்பப் பெருமை காக்க வேண்டுமாம்!

அவன் இடுப்பு வாளை உருவிப் பார்த்தால், அது மூங்கில். உண்மை வாளை மருந்துக்கும் உணவுக்குமாக விற்றுவிட்டான். அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள் என்கிறார்கள். துன்பம் நீளாமல் தலையை வெட்டி முடிக்க வேண்டியவன் அருகே நிற்கிறான். முறைப்படி கிழித்து முடிக்கும் வரை வெட்ட மாட்டேன் என்கிறான். மூங்கில் எப்படிக் கிழிக்கும்? நம் தோழர் எழுந்து போனது இந்த இடத்தில்தான். நாமும் முகம் திருப்பினோம்.

திருப்பிய முகத்தை மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தபோதுதான் ஒன்று தெளிந்தது. இயக்குநர் அழகு படுத்தியது வதையை அல்ல. வதை அங்கே வியர்வையும் முனகலுமாக, விகாரமாகவே இருக்கிறது. அழகெல்லாம் முற்றத்தினுடையது, வரிசையினுடையது, சடங்கினுடையது. மணலிலே ஒரு சுவடு பிசகாதபடி பார்த்துக்கொள்ளும் கூட்டம், மனிதன் துடிப்பதைப் பார்த்தும் இருக்கை கலையாமல் அமர்ந்திருக்கிறது. அந்த ஒழுங்கைக் கண்டு வியந்த நாமும், சில நொடிகள் அவர்கள் வரிசையிலே அமர்ந்துவிட்டோம். அதற்காகவே நம்மை அங்கே அமர்த்தினார் கோபயாஷி என்று எண்ணுகிறோம். போர்க்காலத்திலே படையில் சேர்க்கப்பட்டு, பதவி உயர்வை மறுத்துக் கடைநிலைச் சிப்பாயாகவே இருந்தவர் அவர். அணிவகுப்பின் அழகு எதை மறைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

மாளிகையிலே முன்னோரின் கவசம் ஒன்று கொலுவிருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. ஆனால் வணக்கம் உண்டு! மோதோமேயின் மாமனார் ஹன்ஷிரோ, தத்சுயா நகதாய் ஏற்ற வேடம், கணக்குத் தீர்க்க அதே முற்றத்துக்கு வருகிறார். நம்மை உலுக்கியது அவருடைய சினமல்ல. அவர் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் காட்சி. மருமகன் வாளை விற்றுவிட்டான் என்பதை அவன் பிணம் வீடு வந்த பிறகே அறிகிறார். குழந்தை காய்ச்சலில் கிடந்தபோதும், தம் வாளை விற்கலாம் என்ற நினைப்பே தமக்கு வரவில்லையே என்று கதறுகிறார். கவசத்தை வணங்கியோர் மாளிகையில் மட்டும் இல்லை. எதிர்க்க வந்தவரின் இடுப்பிலும் அது தொங்கிற்று.

குறையும் உண்டு. காற்றில் புல் அலையும் வெளியிலே நடக்கும் வாட்போரும், இறுதியில் தனியொருவராக அவர் பலரை எதிர்த்து நிற்கும் போரும் நம் கண்ணுக்கு விருந்தாகிவிடுகின்றன. "வெட்டு, வெட்டு" என்று நம் உள்ளம் கூவிற்று. கை முட்டி இறுகிற்று. அங்கே தோழரின் குற்றச்சாட்டுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. 1985இல் அகிரா குரோசாவா எடுத்த 'ரான்' படத்திலும் இதே சங்கடம். கோட்டை முற்றுகையிலே போரின் ஓசை முழுவதையும் நீக்கிவிட்டு, தோரு தகெமித்சுவின் இசையை மட்டும் ஓடவிட்டார். மஞ்சளும் சிவப்புமான கொடிகளின் நடுவே பிணங்கள் குவிகின்றன. திடீரென ஒரு துப்பாக்கி வெடி, ஓசையை மீட்கிறது. மீட்கட்டும், அதற்குள் நம் கண் வயிறார உண்டுவிட்டதே! 'ஹராகிரி'க்கும் இசை அதே தகெமித்சுதான். ஆனால் இங்கே அவர் சிக்கனம், அமைதியே பெரும்பகுதி.

ஹன்ஷிரோ அந்தக் கவசத்தைத் தூக்கி எறிந்து சிதைக்கிறார். வாளால் வெல்ல முடியாதவரைத் துப்பாக்கியால் முடிக்கிறார்கள். பிறகு? கவசத்தைச் சீர்செய்து மீண்டும் கொலுவில் வைக்கிறார்கள். இறந்த வீரர்கள் நோயால் மாண்டார்கள் என்று குடும்பக் குறிப்பேட்டிலே அழகிய கையெழுத்தில் எழுதுகிறார்கள். முற்றத்தைக் கழுவுகிறார்கள். வேலையாள் ஒருவன் கீழே கிடந்த அறுந்த குடுமியொன்றைக் கண்டெடுத்து, வாளியில் போட்டுக்கொண்டு போகிறான். மணல் மீண்டும் வெண்மை.

இவற்றையெல்லாம் தோழர் காணவில்லை. அடுத்த முறை அவரையும் அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். வாயிலுக்கருகே இடம் பிடித்துத் தந்தால் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.