ஆளில்லாப் படங்கள்

திருவண்ணாமலைக்கு வருவோர் கையில் கற்பூரம் இருக்கிறதோ இல்லையோ, படக்கருவி இருக்கிறது. 217 அடிக் கோபுரத்தைக் காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம், மழையில் ஒரு படம் என எடுத்துக் குவிக்கின்றனர். எடுக்கட்டும். அதைக் கட்டிய கைகளின் படம் எங்கே என்று நாம் கேட்கப் போவதில்லை. அன்று படக்கருவி ஏது? ஆனால், இதே வட ஆர்க்காட்டு மண்ணிலிருந்து பசியும் சாதிக் கொடுமையும் விரட்டக் கோலார் தங்கவயலுக்குச் சென்ற மக்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தோண்டிச் சென்றனரே, அந்தச் சுரங்கத்தை இன்று படமெடுப்போரிடம் கேட்க நமக்கு ஒரு கேள்வி உண்டு.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைப்பது நின்றது, ஆழமெல்லாம் வெள்ளம். ஆகவே, மேலே எஞ்சிய துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களும், கூரையிழந்த கொட்டகைகளும், சயனைடு மண்மேடுகளுமே படமாகின்றன. எளிய வேலையன்று அது. இருண்ட கொட்டகையில் முக்காலியை ஊன்றி நெடுநேரம் காத்திருக்க வேண்டும். பிளாஷ் விளக்கை நேரே அடித்தால், பறக்கும் தூசியெல்லாம் வெண்புள்ளிகளாய்ப் படத்தைக் கெடுக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கும் பக்குவம் வேண்டும். உழைப்பை மதிக்கும் நாம் இந்த உழைப்பையும் மதிக்கிறோம்.

ஆயினும், படத்தில் மனிதன் எங்கே? மன்னர் மறைந்த மாளிகை போலன்றோ காட்டுகின்றனர்! ‘கைவிடப்பட்ட சுரங்கம்’ என்று தலைப்பும் இடுகின்றனர். கைவிடப்பட்டது சுரங்கம் மட்டுந்தானா? படக்காரர் கண்ணாடியிலிருந்து துடைத்தெறியும் அதே தூசியை மூச்சில் வாங்கிக்கொண்டு, லைன் வீடுகளில் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. விடியலில் வண்டியேறிப் பெங்களூருக்குக் கூலி தேடிச் செல்கின்றனர் அவ்வீட்டார். பாறையே அறுபது பாகைக்கு மேல் கொதித்த ஆழத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்!

1911இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் லூயிஸ் ஹைன் படமெடுத்தார். அங்கும் இருள், அங்கும் தூசி. அவரோ கரி பொறுக்கிய சிறுவரின் முகங்களைப் பிடித்தார். பெயரையும் வயதையும் கேட்டுக் குறித்தார். குழந்தைத் தொழிலை எதிர்த்தோருக்கு அப்படங்கள் சான்றாயின.

கோலாரிலோ, 1930இல் நிர்வாகம் தொழிலாளரின் கைரேகையைக் கேட்டது. குற்றவாளிகளா நாங்கள் என்று கொதித்தெழுந்து வேலைநிறுத்தம் செய்தனர் அவர்கள். ரேகை வேண்டியிருந்தது நிர்வாகத்துக்கு, முகம் வேண்டியதில்லை. படக்கலைஞருக்குமா?

அடுத்த முறை செல்லும்போது, கொட்டகையைக் கடந்து லைன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். திண்ணையிலிருக்கும் முதியவரின் இசைவைப் பெற்றுப் படமெடுங்கள். பெயரைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். பாட்டன் ஊர் எதுவென்றும் கேளுங்கள். போளூர் என்பார், செங்கம் என்பார், ஆரணி என்றும் சொல்லக்கூடும்.