ஓசிக்கு வந்த கதை

'ஓசி' என்ற சொல்லுக்கு இணையத்தில் சுற்றும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று ஓ.சி.எஸ். முத்திரை இருக்குமாம், அதற்குத் தபால் கூலி கிடையாதாம், அதிலிருந்து ஓசி. கேட்க நல்லாத்தான் இருக்கு. நானும் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வாய் வரவில்லை. இதை எழுதுகிறவர்கள், நான் படித்தவரை, அந்த முத்திரை விழுந்த உறை ஒன்றின் படத்தைப் போட்டதில்லை. ஆங்கிலத்தில் 'பாஷ்' என்ற சொல்லுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. இந்தியாவுக்குப் போய்வரும் கப்பலில் வெயில் படாத பக்கம் அறை எடுக்கும் பணக்காரர்களின் டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகளை அடித்தார்களாம். அப்படியொரு டிக்கெட் கிடைக்கவே இல்லை. அகராதிக்காரர்கள் கதையை ஏற்கவில்லை. முதலெழுத்துக் கதை என்றாலே கொஞ்சம் சந்தேகப்படணும்.

நாஞ்சில் நாட்டில் இன்னொரு சிக்கல். 1956 வரை நாம் திருவிதாங்கூர். நம்முடைய தபாலே 'அஞ்சல்' என்ற தனி ஏற்பாடு. 1951-ல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அதன் அரசு அலுவல் தலைகளில் 1911 முதல் அச்சடித்தது 'ஆன் எஸ்.எஸ்.'. 'சி' இல்லை! ஆனாலும் இங்கேயும் ஓசிச் சாயாதான், மலையாளத்தில் 'ஓஸ்'. சொல் தபால்பையில்தான் வரவேண்டும் என்றில்லை, ஆள்வழியாகவும் வரும். அதனால் கதை பொய்யாகிவிடாது. ஆனால் கதை சொல்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவாவது வேண்டாமா?

என் வழக்கு வேறு. கதை உண்மையென்றால் முதல் ஓசிக்காரர் கம்பெனி துரை. இன்று அந்தச் சொல் விழுவது யார் மேல்? 2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மறு வருஷமே அமைச்சர் பொன்முடி அதை மேடையில் 'ஓசி' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஓசி என்றால் இலவசம் என்று பொருள் எழுதிவிட்டுப் போவது எளிது. இலவசம் கொடுக்கிறவரைப் பற்றிய சொல். ஓசி வாங்குகிறவரைப் பற்றியது. ஓசி பேப்பர், ஓசி பீடி, எல்லாவற்றிலும் ஒரு இளக்காரம் கூடவே வருது. நாமே சொல்லிக்கொண்டால் சிரிப்பு, அடுத்தவன் சொன்னால் அடி.

வடசேரியில் பஸ் ஏறும்போது ஒரு பையன் முனகினான்: "பூரா ஓசி டிக்கெட்டு."

மீன் சருவத்தைக் காலுக்கிடையில் வைத்திருந்த பாட்டி திரும்பினார். "ஒனக்க அப்பன் வாங்கிப்போட்ட பஸ்ஸாலே இது?"